இறைச்சிப் பொட்டலத்தின் மேல் ஒரு முத்திரை: அதற்கு என்ன விலை?

நேயர்களுக்கு வணக்கம்.

இறைச்சி வாங்க வருபவரை நிறுத்தி, "சோதித்து முத்திரையிட்ட இறைச்சி கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை தருவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் தருவேன் என்றுதான் சொல்வார்கள். மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? குடும்பத்தின் உடல்நலத்தில் போய்க் காசு பார்ப்பவர் என்ற பெயரை யார்தான் விரும்பி எடுப்பார்? ஆனால் அதே முத்திரையிட்ட பொட்டலத்தையும், விலை குறைந்த சாதாரணப் பொட்டலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வாய் சொன்ன இடத்துக்குக் கை போவதில்லை. பாதுகாப்பு பற்றிய தகவலுக்கு மக்கள் உண்மையில் எவ்வளவு கூடுதலாகத் தருவார்கள், அதை எப்படி அளப்பது, அளக்கும்போது எங்கே தவறு நேர்கிறது என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம். பொருளியலில் இதற்கு 'விலை தரும் விருப்பம்' என்று பெயர். பேசுவதற்கு அது நீளமாக இருக்கிறது. நான் 'மேல்தொகை' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில், இறைச்சியில் இந்தக் கேள்விக்கு ஏன் இத்தனை கனம்? 1970ல் பிலிப் நெல்சன் என்ற பொருளியலாளர் பொருள்களின் தன்மைகளை இரண்டாகப் பிரித்தார். வாங்கும் முன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை ஒரு வகை. வாங்கிப் பயன்படுத்திய பிறகே தெரியவருபவை இன்னொரு வகை. 1973ல் டார்பி, கார்னி என்ற இருவர் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: பயன்படுத்திய பிறகும் தெரியாதவை, நம்பித்தான் ஆக வேண்டியவை. ஒரே இறைச்சித் துண்டில் இந்த மூன்றும் இருக்கின்றன. கொழுப்பு எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியும். மென்மையானதா என்பது மென்று பார்த்தால் தெரியும். சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருந்ததா, விலங்குக்குக் கொடுத்த மருந்தின் எச்சம் இருந்ததா என்பது சாப்பிட்டு முடித்த பிறகும் தெரியாது.

நிறத்தையும் மணத்தையும் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். இது ஏமாற்றும் நம்பிக்கை. தசையில் மயோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. காற்றுப் படாதபோது அது ஊதா கலந்த நிறம். ஆக்ஸிஜன் பட்டதும் பளிச்சென்ற சிவப்பு. நேரம் போகப் போகப் பழுப்பு. காற்றை உறிஞ்சி மூடிய பொட்டலத்தில் இறைச்சி மங்கலாக இருப்பதற்கு இதுவே காரணம், கெட்டுப்போனதால் அல்ல. துர்நாற்றத்தைக் கிளப்புவதும் இறைச்சியைக் கெடவைக்கும் நுண்ணுயிரிகள்தான். நோய் தரும் நுண்ணுயிரிகள் பெரும்பாலும் நிறத்தையும் மாற்றாது, மணத்தையும் மாற்றாது. நல்ல சிவப்பாக, புதிதாக இருக்கும் துண்டில் அவை நிம்மதியாகக் குடியிருக்கும்.

சரி, நோய் வந்த பிறகாவது பாடம் கிடைக்குமா என்றால், அதுவும் சந்தேகம். சால்மொனெல்லா உடம்பில் வேலையைக் காட்ட 6 மணி நேரமும் ஆகலாம், 6 நாளும் ஆகலாம். காம்பைலோபாக்டருக்கு 2 முதல் 5 நாள். ஈ.கோலை ஓ157 வகைக்குப் பெரும்பாலும் 3, 4 நாள். லிஸ்டீரியா வாரக்கணக்கில் பதுங்கியிருக்கும். அதற்குள் எத்தனை வேளைச் சாப்பாடு முடிந்திருக்கும்? எந்தப் பொட்டலத்தால் வந்தது என்று யார் அறிவார்? அதனால் தவறான கடையைத் தண்டிப்பதும், சரியான கடையை மெச்சுவதும் வாங்குபவரால் முடிவதில்லை.

இப்படிப்பட்ட சந்தையில் என்ன நடக்கும் என்று 1970ல் ஜார்ஜ் அகெர்லோஃப் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது பழைய கார் சந்தை. நல்லது எது, மோசம் எது என்று வாங்குபவருக்குத் தெரியாதபோது, இரண்டுக்கும் சராசரி விலைதான் தருவார். நல்லதை விற்பவருக்கு அது கட்டுப்படியாகாது, விலகிப் போவார். மிச்சம் இருப்பது மோசமானது. இறைச்சிக்கும் இது அப்படியே பொருந்தும். கத்தியையும் மேசையையும் மணிக்கு மணி கழுவி, குளிர்ச்சியைக் குறையாமல் காத்து, மாதிரி எடுத்துச் சோதிப்பவருக்குச் செலவு கூடுதல். அந்தச் செலவை வாங்குபவருக்குக் காட்ட வழியில்லை என்றால், அவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? முத்திரை, சீட்டு, குறியீடு எல்லாம் அந்த வழியை உண்டாக்குவதற்கான முயற்சிகள்.

இனி அளவுக்கு வருவோம். நேரடியாகக் கேட்பது முதல் முறை. "எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள்?" என்று வெறுமனே கேட்கக் கூடாது. மனிதர்கள் விலையைத் தாமாக உருவாக்கிப் பழகியவர்கள் அல்ல. சொன்ன விலைக்கு வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுத்துத்தான் பழக்கம். ஆகவே கேள்வியும் அப்படியே இருக்கட்டும்: "இது இவ்வளவு கூடுதல். வாங்குவீர்களா, மாட்டீர்களா?" ஒருவருக்கு ஒரே ஒரு தொகை. வெவ்வேறு குழுவுக்கு வெவ்வேறு தொகை. யாருக்கு எந்தத் தொகை என்பதைக் குலுக்கலில் முடிவு செய்ய வேண்டும். கேட்பவர் ஆளைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நல்ல உடை உடுத்தியவரிடம் பெரிய தொகையைக் கேட்கும் ஆசை கணக்கெடுப்பவருக்கு வந்துவிடும், அதோடு கணக்குக் கெட்டது.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். காகிதம் கையில் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். சாதாரண இறைச்சியின் விலை 100 என்று வையுங்கள். முத்திரைக்குக் கூடுதலாக 5 கேட்டபோது 100க்கு 70 பேர் சரி என்றார்கள். 10 கேட்டபோது 50 பேர். 20 கேட்டபோது 30 பேர். 40 கேட்டபோது 15 பேர். இதிலிருந்து சராசரி மேல்தொகையைக் குறைத்து மதிப்பிட ஒரு எளிய வழி உண்டு. 40க்குச் சம்மதித்த 15 பேருக்கும் அதன் மதிப்பு குறைந்தது 40. 20க்குச் சம்மதித்து 40க்கு மறுக்கக்கூடியவர்கள் 15 பேர், அவர்களுக்குக் குறைந்தது 20. 10க்குச் சம்மதித்து 20க்கு மறுப்பவர்கள் 20 பேர், குறைந்தது 10. 5க்கு மட்டும் சரி என்பவர்கள் 20 பேர், குறைந்தது 5. மீதி 30 பேருக்குச் சுழியம். எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டினால் 1200. 100 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 12.

இந்த 12ஐ எடுத்துக்கொண்டு, "மக்கள் 12 கூடுதலாகத் தரத் தயார், ஆகவே அந்த விலையை வைக்கலாம்" என்று அறிக்கை எழுதினால் அது பெரிய பிழை. 10க்கே பாதிப் பேர்தான் சம்மதித்தார்கள். 12 வைத்தால் பாதிக்கும் குறைவானவர்களே வாங்குவார்கள். சராசரி 12 ஆனது, 40 தருவேன் என்ற 15 பேர் அதைத் தூக்கிப் பிடித்ததால். கொள்கை வகுப்பவருக்குச் சராசரி வேண்டும். விற்பவருக்கு ஒவ்வொரு விலையிலும் எத்தனை பேர் என்ற முழு வரிசையும் வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுத்தால் இருவரும் வழி தவறுவார்கள்.

அதே கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம், ஏனென்றால் இந்தத் துறையில் அதிகம் பேசப்படாத விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஒரு பொட்டலத்துக்குச் சோதனையும் முத்திரையும் செய்ய 4 செலவாகிறது என்று வையுங்கள். விற்பவர் 5 கூடுதல் வைத்தால் 70 பேர் வாங்குவார்கள், பொட்டலத்துக்கு 1 லாபம், ஆக 70. பத்து வைத்தால் 50 பேர், தலா 6, ஆக 300. இருபது வைத்தால் 30 பேர், தலா 16, ஆக 480. நாற்பது வைத்தால் 15 பேர்தான், ஆனால் தலா 36, ஆக 540. லாபம் பார்க்கும் விற்பனையாளர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 40ஐ. பாதுகாப்பு 15 பேருக்குப் போய்ச் சேர்ந்தது. 85 பேர் வெளியே. எல்லாப் பொட்டலத்துக்கும் இதையே கட்டாயமாக்கினால் மொத்தச் செலவு 400, மக்கள் சொன்ன மதிப்பு குறைந்தது 1200. மேல்தொகை ஆய்வைக் காட்டி, "பாருங்கள், மக்கள் பணம் தரத் தயார், சந்தையே பார்த்துக்கொள்ளும்" என்று வாதிடுபவர்கள் உண்டு. அதே எண்கள் நேர் எதிரான வாதத்துக்கும் துணைபோகும். என்னைக் கேட்டால், நோய்க்கிருமி போன்ற அடிப்படை விஷயத்தில் அந்த எதிர் வாதம்தான் வலுவானது. கொழுப்பு அளவு, வளர்ப்பு முறை போன்றவற்றை மேல்தொகைக்கு விடலாம், அதில் தவறில்லை. சுழியம் சொன்ன 30 பேரையும் பாதுகாப்பு வேண்டாதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. விருப்பம் என்று நாம் அளப்பதில் பாதி இயலும் தன்மை. கையில் பணம் இல்லாதவரின் பதில் சுழியமாகத்தான் வரும்.

நேரடிக் கேள்வியின் பெரிய நோய், ஆரம்பத்தில் சொன்னதுதான்: பணம் உண்மையில் கைமாறாததால் தாராளம் கூடிவிடுகிறது. இந்தத் தாராளம் எவ்வளவு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2001ல் லிஸ்ட், காலெட் ஆகியோரின் தொகுப்பில், சொன்ன தொகை உண்மையில் தந்ததைப் போலச் சராசரியாகச் சுமார் 3 மடங்கு. 2005ல் மர்ஃபியும் அவரது குழுவினரும் செய்த தொகுப்பில் நடு எண், அதாவது விகிதங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது, 1.35. இரண்டுக்கும் இவ்வளவு வேறுபாடு ஏன் என்றால், சில ஆய்வுகளில் தாராளம் தலைதெறிக்க ஓடும். சராசரியை அவை இழுத்துவிடும், நடு எண்ணை இழுக்காது. எனவே, "சொன்னதை மூன்றால் வகுத்துவிடு" என்ற குறுக்கு வழி சரிவராது. கம்மிங்ஸ், டெய்லர் ஆகியோர் 1999ல் வேறு வழி காட்டினார்கள்: கேள்விக்கு முன்பே, "இப்படிக் கேட்கும்போது மக்கள் தாங்கள் உண்மையில் தருவதைவிட அதிகமாகச் சொல்லிவிடுகிறார்கள். கடையில் நின்று, இதே பணத்தில் வேறு என்ன வாங்கியிருப்பீர்கள் என்று யோசித்துச் சொல்லுங்கள்" என்று ஒரு பத்தியை வாசித்துவிடுவது. இது பல இடங்களில் தொகையைக் குறைக்கிறது. ஒரே பொருளைத் தினமும் வாங்கிப் பழகியவரிடம் இதன் பலன் குறைவு, அவருக்கு விலை ஏற்கெனவே மனப்பாடம்.

இரண்டாவது முறை, தேர்வு அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு பொட்டலங்கள், மூன்றாவதாக "எதுவும் வேண்டாம்". ஒவ்வொரு பொட்டலத்துக்கும் விலை, சோதனைச் சான்று, வந்த வழியைக் கண்டறியும் குறியீடு, வளர்த்தவர் விவரம் என்று நான்கைந்து கூறுகள் மாறி மாறி வரும். ஒருவருக்கு 8 முதல் 12 அட்டைகள் போதும். அதற்கு மேல் போனால் களைப்பு வந்து விலையை மட்டும் பார்த்துக் குறி போடுவார்கள். கிடைத்த தேர்வுகளிலிருந்து ஒவ்வொரு கூறின் எடையையும், அதாவது அது தேர்வை எவ்வளவு சாய்க்கிறது என்பதையும், கணக்கிடுவார்கள். சான்றின் எடை 0.6, விலை ஒரு அலகு ஏறினால் குறையும் எடை 0.05 என்றால், முன்னதைப் பின்னதால் வகுக்க 12 வரும். அதுவே சான்றின் மேல்தொகை. இங்கே நடக்கும் தவறுகள் பெரும்பாலும் வடிவமைப்பில். "எதுவும் வேண்டாம்" என்பதை விட்டுவிட்டால், வாங்கவே மாட்டாதவரையும் வாங்கவைத்து விடுகிறோம், மேல்தொகை ஊதிப்போகும். விலை அடுக்குகள் நெருக்கமாக இருந்தால் மக்கள் விலையைக் கவனிக்கவே மாட்டார்கள். அப்போது வகுக்கும் எண் சிறிதாகி, விடை வானத்துக்குப் போகும். விடை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக வந்தால் முதலில் விலையின் எடையைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது முறை ஏலம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதில் பணமும் உண்மை, இறைச்சியும் உண்மை. 1961ல் வில்லியம் விக்ரி எழுதிய இரண்டாம் விலை ஏலம் இதற்கு அடிப்படை. (1996ல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள், மூன்றே நாளில் இறந்துவிட்டார்.) எல்லோரும் தங்கள் விலையை மூடிய சீட்டில் எழுதுவார்கள். அதிகம் எழுதியவருக்குப் பொருள். ஆனால் அவர் தருவது இரண்டாவதாக வந்தவர் எழுதிய விலை. இதில் உண்மையை எழுதுவதே லாபம். உங்களுக்கு 12 மதிப்பு என்று வையுங்கள். தந்திரமாக 8 எழுதி, மற்றவர்களில் அதிகமானது 10 ஆக இருந்தால், 10க்குக் கிடைத்திருக்க வேண்டியதைக் கோட்டைவிட்டீர்கள். வீறாப்பாக 16 எழுதி, அடுத்தவர் 14 எழுதியிருந்தால், 12 மதிப்புள்ளதற்கு 14 அழுகிறீர்கள்.

நடத்தும் விதத்தைச் சொல்கிறேன். வந்தவர்களுக்கு முதலில் கலந்துகொண்டதற்கான தொகையையும், சாதாரண இறைச்சி உணவு ஒன்றையும் கொடுத்துவிட வேண்டும். பிறகு அதைச் சோதித்த இறைச்சியாக மாற்றிக்கொள்ள எவ்வளவு தருவார்கள் என்று ஏலம். உணவின் மொத்த விலையைக் கேட்காமல் மாற்றத்துக்கான தொகையை மட்டும் கேட்பதால், பசியும் ருசியும் கணக்கில் நுழைவது குறைகிறது. உண்மை ஏலத்துக்கு முன் சாக்லேட் போன்ற வேறு பொருளில் ஒத்திகை நடத்த வேண்டும். இரண்டாம் விலை என்பது பலருக்கு முதல் தடவையில் பிடிபடாது. பல சுற்றுகள் நடத்தி, எந்தச் சுற்று செல்லும் என்பதைக் கடைசியில் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். முன்னரே தெரிந்தால் மற்ற சுற்றுகளில் விளையாட்டாக எழுதுவார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் விலையை அறிவித்தால் அடுத்த சுற்றில் எல்லோரும் அந்த எண்ணைச் சுற்றியே எழுதத் தொடங்குவார்கள், கவனம். கடை வாசலில் ஒரே ஆளோடு செய்ய வேண்டுமானால் 1964ல் பெக்கர், டிகுரூட், மார்ஷக் வகுத்த முறை உண்டு. அவர் தன் விலையைச் சொல்வார். பெட்டியிலிருந்து ஒரு விலைச் சீட்டு எடுப்போம். சீட்டில் உள்ளது அவர் சொன்னதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால், சீட்டு விலைக்கு வாங்கிக்கொள்வார். இல்லையென்றால் வாங்க முடியாது.

அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களான ஹேஸ், ஷோக்ரென் உள்ளிட்டோர் 1995ல் வெளியிட்ட ஆய்வு இப்படிப் பன்றி இறைச்சி சாண்ட்விச்சை வைத்து நடந்தது. பாதுகாப்பான உணவுக்கு ஒரு வேளைக்குச் சராசரியாகச் சுமார் 70 சென்ட் கூடுதலாகத் தர முன்வந்தார்கள். அந்த எண்ணைவிட முக்கியமான முடிவு வேறொன்று. வெவ்வேறு நோய்க்கிருமிகளை, வெவ்வேறு அளவு ஆபத்துகளோடு, தனித்தனியாக ஏலம் விட்டும், மக்கள் எழுதிய தொகை அந்த ஆபத்தின் அளவைப் பின்தொடரவில்லை. புதிதாகச் சொன்ன எண்ணைவிட, மனதில் ஏற்கெனவே இருந்த எண்ணமே கனமாக நின்றது. சால்மொனெல்லாவுக்கு என்று கேட்டாலும் அவர்கள் விலை சொன்னது 'பாதுகாப்பான சாப்பாடு' என்ற பொதுவான ஒன்றுக்கு. ஆகவே ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனி ஆய்வு நடத்தி, வந்த தொகைகளைக் கூட்டி மொத்தம் போடுபவர்கள் ஒரே காசைப் பல முறை எண்ணுகிறார்கள்.

ஆபத்து அளவைச் சொல்லும் விதமும் இதில் பாதி. 'பத்து லட்சத்தில் 4 என்பது 2 ஆகக் குறையும்' என்றால் கேட்பவர் தலையாட்டுவார், மனதில் ஏதும் பதியாது. ஆபத்து குறையும் அளவு இரண்டு மடங்கானால் மேல்தொகையும் ஏறக்குறைய இரண்டு மடங்காக வேண்டும். ஆய்வுகளில் பெரும்பாலும் அப்படி ஆவதில்லை. புள்ளிகள் நிறைந்த தாளில் பாதிக்கப்படுபவர்களைக் கறுப்பாகக் காட்டினால் சற்று மேம்படுகிறது. தங்கள் ஆய்வு தேறுமா என்று பார்க்க விரும்புபவர்கள், ஒரு குழுவுக்குச் சிறிய குறைப்பையும் மற்றொரு குழுவுக்குப் பெரிய குறைப்பையும் கொடுத்து ஒப்பிட வேண்டும். தொகை அசையவில்லை என்றால் அவர்கள் அளந்தது ஆபத்தை அல்ல.

அடுத்து, எதிர்மறைச் செய்தியின் பலம். 2002ல் வெளியான ஃபாக்ஸ், ஹேஸ், ஷோக்ரென் ஆய்வில், கதிர்வீச்சு செலுத்திக் கிருமி நீக்கிய பன்றி இறைச்சியை ஏலம் விட்டார்கள். அந்த முறையின் நன்மையைச் சொன்னபோது தொகை ஏறியது. கேடு என்று சொன்னபோது இறங்கியது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதும் இறங்கியது. எதிர்ப்புரை ஒரு நுகர்வோர் அமைப்பிடமிருந்து வந்தது, அறிவியல் முறைப்படி எழுதப்பட்டதல்ல என்று தெரிந்திருந்தும் இப்படி. தகவலைக் கூட்டிக்கொண்டே போனால் மேல்தொகையும் கூடும் என்று கணக்குப் போடும் விற்பனையாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "எங்கள் இறைச்சியில் இன்ன கிருமி இல்லை" என்று எழுதியதும், அப்படி ஒரு கிருமி உண்டா என்று முதல் முறையாகத் தெரிந்துகொள்பவர் அலமாரியையே விட்டு நகர்ந்துவிடலாம். எழுதாத பக்கத்துப் பொட்டலத்துக்கும் அதனால் கெட்ட பெயர்.

வந்த வழியைக் கண்டறியும் குறியீடு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், குழப்பம் அதிகம் உள்ள இடம் அது. 1996ல் பிரிட்டன் அரசு, மேட் கவ் என்று செய்திகளில் அறியப்பட்ட மாட்டு மூளைநோய்க்கும் மனிதர்களுக்கு வந்த மூளைநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2000ல் மாட்டிறைச்சிக்குக் கட்டாயச் சீட்டு விதியைக் கொண்டுவந்தது: எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, எங்கே அறுக்கப்பட்டது என்று எழுத வேண்டும். ஜப்பானில் 2001 செப்டம்பரில் அந்நோய் கண்டறியப்பட்டது. 2003ல் சட்டம் வந்தது, ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க எண் தரப்பட்டது, அந்த எண் கடைப் பொட்டலம் வரைக்கும் வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்த எண் எதைச் செய்கிறது? நோய் வந்த பிறகு மூலத்தைத் தேடவும், எந்தச் சரக்கைத் திரும்பப் பெற வேண்டும் என்று வரம்பு கட்டவும் உதவுகிறது. பொட்டலத்துக்குள் இருக்கும் கிருமியை அது கொல்லாது.

மக்கள் இதைப் புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். 2002ல் டிக்கின்சன், பெய்லி நடத்திய ஏலங்களில், வந்த வழியைக் காட்டும் வெறும் தடமறிதலுக்குத் தந்ததைவிட, கூடுதல் பாதுகாப்பு உறுதிக்கும், விலங்கை நல்ல முறையில் நடத்தியதற்கான உறுதிக்கும் அதிகம் தந்தார்கள். 2005ல் கனடாவில் ஹாப்ஸும் அவரது கூட்டாளிகளும் செய்த ஆய்வும், தர உறுதி இல்லாத தடமறிதலுக்குக் குறைந்த மதிப்பே என்றது. 2007ல் லூரேரோ, அம்பெர்கர் அமெரிக்காவில் செய்த தேர்வு அட்டை ஆய்வில், அரசுச் சோதனைச் சான்றுக்கு மற்ற எல்லாக் கூறுகளையும்விட மேல்தொகை அதிகம். எந்த நாட்டு இறைச்சி என்ற சீட்டு, தடமறிதல், மென்மை எல்லாம் அதற்குப் பின்னால்தான். எண்ணும் குறியீடும் வெறும் எழுத்து. "நான் பார்த்தேன், இது சரி" என்று ஒருவர் பொறுப்பேற்கும்போதுதான் வாங்குபவர் பையைத் திறக்கிறார். 2013ல் ஐரோப்பாவில் மாட்டிறைச்சி என்று விற்ற உணவில் குதிரை இறைச்சி பிடிபட்டதே, அங்கேயும் காகிதங்கள் சரக்கோடு சேர்ந்தே பயணம் செய்தன. காட்டிக்கொடுத்தது டிஎன்ஏ சோதனை.

அந்தப் பொறுப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு சரக்கில் 100க்கு 2 துண்டுகளில் கிருமி இருக்கிறது என்று வையுங்கள். 60 மாதிரிகள் எடுத்துச் சோதிக்கிறார்கள். ஒன்றில்கூடக் கிருமி அகப்படாமல் போக வாய்ப்பு எவ்வளவு? 0.98ஐ 60 முறை பெருக்கினால் சுமார் 0.3 வரும். அதாவது பத்துக்கு மூன்று முறை அந்தச் சரக்கு 'சோதனையில் தேறியது' என்ற பெயரோடு வெளியே வரும். 100க்கு 5 துண்டுகளில் இருந்தால் தப்பும் வாய்ப்பு 100க்கு 5க்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே சீட்டில் 'சோதிக்கப்பட்டது' என்று எழுதலாம், 'கிருமி இல்லாதது' என்று எழுதக் கூடாது. கேள்வித்தாளிலும் இந்த இரண்டு சொற்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், இரண்டு வெவ்வேறு பொருள்களுக்கான மேல்தொகையைக் கலந்து அளக்கிறோம்.

சமையலறையை விட்டுவிட்டால் அளவு முழுமையாகாது. "நான் எப்படியும் நன்றாக வேகவைத்துவிடுவேன், எனக்கு எதற்கு முத்திரை?" என்பவரின் சுழியம் நியாயமான சுழியம். அரைத்த இறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸும், கோழி இறைச்சி 74 டிகிரியும் தொட்டால் சால்மொனெல்லா, ஈ.கோலை போன்றவை மடிந்துவிடும். 1993ல் அமெரிக்காவில் சரியாக வேகாத ஹாம்பர்கரால் ஈ.கோலை ஓ157 பரவி 700க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்று, நான்கு குழந்தைகள் இறந்த பிறகு, 1994ல் பச்சை இறைச்சிப் பொட்டலங்களில் கையாளும் முறைச் சீட்டு கட்டாயமானது: குளிரில் வை, மற்ற உணவிலிருந்து பிரித்து வை, முழுதாக வேகவை, மிச்சத்தை உடனே குளிரூட்டு. எல்லாப் பொட்டலத்திலும் இருப்பதால் இதற்கு மேல்தொகை கிடையாது, ஆனால் பயன் உண்டு. துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். அரைக்கும்போது அது உள்ளே கலந்துவிடும், பல விலங்குகளின் இறைச்சியும் ஒன்றாகச் சேரும். ஆகவே அரைத்ததற்கும் துண்டுக்கும் மேல்தொகையைத் தனித்தனியே கேட்க வேண்டும். வேகவைத்தால் போகாதவையும் உண்டு. மருந்து எச்சங்களில் பல வெப்பத்தைத் தாங்கும். ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி விட்டுப்போகும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் காய் நறுக்கினால், இறைச்சி எத்தனை வெந்தும் பயனில்லை. கேள்வித்தாளில் சமைக்கும் பழக்கம் பற்றி மூன்று கேள்விகள் போதும்: எப்படி வேகவைக்கிறீர்கள், பலகை ஒன்றா இரண்டா, வீட்டில் சிறு குழந்தையோ கர்ப்பிணியோ முதியவரோ இருக்கிறார்களா. இவை இல்லாமல் ஒருவர் ஏன் சுழியம் சொன்னார் என்று விளங்காது.

சுழியம் என்றதும் இன்னொரு வகையையும் பிரித்துவிட வேண்டும். "பாதுகாப்பான இறைச்சி தருவது விற்பவரின் கடமை, அதற்கு நான் ஏன் தனியாகப் பணம் தர வேண்டும்?" என்று சுழியம் எழுதுபவர் எதிர்ப்புத் தெரிவிக்கிறார். அவருக்கு மதிப்பு இல்லை என்று பொருளல்ல. சுழியம் சொன்ன ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டு, வேகவைப்பவர், வசதியில்லாதவர், முத்திரையை நம்பாதவர், கடமை என்பவர் என்று நான்காகப் பிரித்து, கடைசி வகையைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு முடிவுகளை அறிக்கையில் தர வேண்டும்.

கேள்வித்தாளின் கடைசி வரியாக நான் சிபாரிசு செய்வது தொகையைப் பற்றியதல்ல. "இந்த முத்திரை பொய் என்று பிறகு தெரிந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?" என்று கேட்டு, ஓர் இடம் விட்டுவிடுங்கள், விடைகளைத் தேர்ந்தெடுக்கக் கொடுக்காதீர்கள். ஒரு அலுவலகத்தையோ கடையையோ எழுதியவர்களின் மேல்தொகையைத் தனியாகவும், "தெரியவில்லை" என்று எழுதியவர்களுடையதைத் தனியாகவும் சராசரி போடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் முத்திரையின் வடிவத்திலும் சொற்களிலும் கவனம் செலுத்தலாம். முதலாவது கணிசமாக உயர்ந்து நின்றால், முத்திரையை மாற்றி அச்சடிக்கும் பணத்தைப் புகார் வாங்கும் மேசைக்கு ஒதுக்கி, அடுத்த கணக்கெடுப்பில் அந்த மேசையின் முகவரியைச் சீட்டில் அச்சிட்ட பொட்டலத்தையும் ஒரு அட்டையில் சேர்த்துப் பாருங்கள்.

வணக்கம்.